முகமெல்லாம் கேள்விக்குறி

'தி சிம்ஸ் 4' கேமில் ஊரார் செய்த துணிமணி, சிகை, சோபா என்று அள்ளிப் போட்டு ஆடுகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்தக் காட்சியைப் பார்த்தே தீருவார்கள். நேற்று ராத்திரி வரை சமத்தாக அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டிருந்த கதாபாத்திரம், இன்று கேமைத் திறந்தால் தலைமுதல் கால்வரை கேள்விக்குறி அச்சடித்த தோலோடு நிற்கிறது. வரவேற்பறையில் சோபா இருந்த இடம் காலி. குழந்தையைத் தூக்கச் சொன்னால் தூக்க மறுக்கிறது. திரையின் ஓரத்தில் இருந்த பட்டன்களில் இரண்டைக் காணோம்.

அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் கேம் கம்பெனிக்கு அர்ச்சனை. பிறகு ஆத்திரத்தில் முழு கேமையும் அன்இன்ஸ்டால் செய்வது. அத்தனை ஜிபியையும் மறுபடி இறக்கி, டேட்டாவைத் தீர்த்து, ராத்தூக்கத்தைத் தொலைத்து, விடியற்காலையில் ஆசையாகத் திறந்தால் அதே கேள்விக்குறி, அதே காலி இடம்.

ஆகத்தானே செய்யும். கேம் இருப்பது ஓரிடம், ஆடுகிறவர் சேர்த்துவைத்தது வேறிடம். விண்டோஸில் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள் 'எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்', அதற்குள் 'தி சிம்ஸ் 4', அதற்குள் 'மோட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். இறக்கிய சரக்கெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அன்இன்ஸ்டால் அதைத் தொடுவதில்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் இஏ ஆப்பில் 'ரிப்பேர்' என்று ஒரு வசதி இருக்கிறதே, அதுவும் கம்பெனி கொடுத்த ஃபைல்களை மட்டும்தான் சரிபார்க்கும். வியாதி ஒருவருக்கு, மருந்து இன்னொருவருக்கு என்ற கதை.

இதை ஐந்தே நிமிடத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். டாக்குமென்ட்ஸில் இருக்கும் 'தி சிம்ஸ் 4' ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டு கேமைத் திறக்க வேண்டும். பழையதைக் காணாததால் கேம் புத்தம்புதிதாக ஒரு ஃபோல்டரைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அந்தப் புது உலகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் கேம் மேல் குற்றமில்லை. கோளாறு டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, இந்த வம்பை விலைக்கு வாங்காமல் கம்பெனி கொடுத்ததை வைத்தே ஆடினால் என்ன? கேட்பவர்கள் கேட்கலாம். ஆனால் இந்த கேம் பிறந்ததே அப்படித்தான். வில் ரைட்டின் மாக்சிஸ் நிறுவனம் 2000 பிப்ரவரியில் முதல் 'சிம்ஸ்' கேமைக் கொண்டுவந்தபோது, கதாபாத்திரங்களுக்குத் தாங்களே துணி வரைந்து மாட்டிப் பார்க்கும் கருவியை ரசிகர்கள் கையில் முன்கூட்டியே கொடுத்திருந்தது. கேமோடு வந்த பொருட்களைவிட ரசிகர்கள் செய்த பொருட்கள் பெருகிப்போனதற்கு அதுதான் விதை. 'கஸ்டம் கண்டென்ட்' என்று முழுப்பெயர்; ஆடுகிறவர்கள் வாயில் வெறும் 'சிசி'.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. 2014 செப்டம்பரில் சிம்ஸ் 4 வந்தபோது கருத்த தோலுக்கு அதில் இருந்த நிறங்கள் சொற்பம், இருந்தவையும் சாம்பல் பூத்தமாதிரி இருந்தன. சுருட்டைமுடிக்கும் அதே கதி. ஆறு வருஷம் கழித்து 2020 டிசம்பரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட புது தோல்நிறங்களைக் கம்பெனி சேர்த்தது. மும்பைத் தெருக்கடைகளை மனதில் வைத்துச் செய்த 'ஃபேஷன் ஸ்ட்ரீட்' துணித்தொகுப்பு வந்தது 2021 அக்டோபரில், அதுவும் தனிக்காசுக்கு. அதுவரை தன்னைப்போல ஒரு முகத்தைத் திரையில் பார்க்க நினைத்த ஆப்பிரிக்க, தெற்காசிய ரசிகர்களுக்குப் பெரும்பாலும் சிசிதான் கதி. ஒரு புடவை, ஒரு தாவணி, ஒரு ஜிமிக்கி என்று தேடித்தேடிச் சேர்த்தவரிடம் போய் "எல்லாத்தையும் தூக்கிப் போடு, சரியாயிடும்" என்று சொல்வது வைத்தியம் ஆகாது.

ஆக, எது கெட்டது என்று கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டும். அதற்கு, கெட்டுப்போவது என்றால் என்ன என்று தெரிய வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'கரப்ட் ஆயிடுச்சு' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து கோளாறுகளைத் திணித்துவிடுகிறார்கள்.

ஒரு சிசி ஃபைலின் பெயர் 'பேக்கேஜ்' என்று முடியும். அது ஒரு மூட்டை. ஒரு சட்டை என்றால் அதன் முப்பரிமாண வடிவம், அதன் மேல் போர்த்தும் படம், அது யாருக்கு, எந்த வயதுக்கு, எந்தப் பட்டியலில் வரவேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அந்த மூட்டைக்குள் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். இந்த மூட்டை முறைக்கு 'டிபிபிஎஃப்' (DBPF) என்று பெயர். 2003-இல் வந்த 'சிம்சிட்டி 4' கேமிலேயே புழக்கத்தில் இருந்து, சிம்ஸ் 2, 3, 4 எல்லாவற்றிலும் சிற்சில மாற்றங்களோடு தொடர்கிறது. ஃபைலின் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் அந்த நான்கு எழுத்துகள்தான். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் 44 42 50 46 என்று தெரியும். முதல் 96 பைட் தலைப்பகுதி. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பொதுவாக ஃபைலின் கடைசியில் இருக்கும். அந்த அட்டவணை எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்கிறது என்று தலைப்பகுதி சொல்லும்.

பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட புத்தகம் மாதிரி. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். டவுன்லோட் 95 சதவீதம் வந்து, கரண்ட் போய், அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டையின் வடிவமும் படமும் கிட்டத்தட்ட முழுசாக வந்திருக்கும். ஆனால் போனது அட்டவணை. கேமைப் பொறுத்தவரை அந்த ஃபைலில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம்தானே குறைகிறது என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இதைவிட வேடிக்கையான ஒன்றும் உண்டு. லாகின் கேட்கும் தளத்திலிருந்து இறக்கும்போது, சில சமயம் வருவது ஃபைல் அல்ல, 'முதலில் உள்ளே நுழையவும்' என்று சொல்லும் இணையப்பக்கம். பெயர் என்னவோ அழகாக பேக்கேஜ் என்றுதான் முடியும். நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே எச்டிஎம்எல் சிரிக்கும். இறக்கிய ஃபைல் சில கேபி மட்டுமே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இவைதான் நிஜமாகவே உடைந்த ஃபைல்கள். கண்டுபிடிக்க எளிது, சரிசெய்யவும் எளிது: மறுபடி இறக்க வேண்டும், அவ்வளவுதான். 'மோட் கான்ஃப்ளிக்ட் டிடெக்டர்' என்ற இலவசக் கருவி மோட்ஸ் ஃபோல்டரை மேய்ந்து உடைந்தவற்றைத் தனியே காட்டும். இரட்டை ஃபைல்களையும், கைதவறி உள்ளே விழுந்த சிம்ஸ் 2, சிம்ஸ் 3 ஃபைல்களையும் சேர்த்தே பிடித்துக்கொடுக்கும். மூன்று கேமுக்கும் ஃபைலின் பெயர் முடிவு ஒன்றுதான் என்பதால் இந்தக் கலப்படம் சகஜம்.

தொல்லை தருவது உடையாத ஃபைல்கள்தான்.

கேள்விக்குறித் தோலையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு கூந்தலின் வடிவத்தைச் செய்து வெளியிடுகிறார். அதற்கு 'மெஷ்' என்று பெயர். இன்னொருவர் அதே கூந்தலுக்குப் பதினைந்து சாயம் போட்டு 'ரீகலர்' வெளியிடுகிறார். மெஷ் ஃபைலை அவர் சேர்த்துத் தருவதில்லை, அது முதலாமவரின் உழைப்பு என்ற மரியாதை. இரண்டாவதை மட்டும் இறக்கியவருக்குச் சாயம் இருக்கும், கூந்தல் இருக்காது. ஃபைலில் ஒரு பைட் பழுதில்லை, ஜோடிதான் இல்லை. பெரும்பாலான ரீகலருக்கு மெஷ் எங்கே கிடைக்கும் என்ற சுட்டி அதன் பக்கத்திலேயே இருக்கும். படத்தைப் பார்த்த வேகத்தில் பட்டனை அழுத்துகிறவர்கள் அதை எங்கே படிக்கிறார்கள்?

அடுத்தது முகவரிச் சண்டை. மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று எண்களால் ஆன அடையாளம் உண்டு: என்ன வகை, எந்தக் குழு, எந்தப் பிரதி. அந்த மூன்றாவது எண் 64 பிட் நீளம். அதைப் பெரும்பாலும் பொருளுக்கு வைத்த பெயரிலிருந்தே ஒரு கணக்கு போட்டு வரவழைக்கிறார்கள். பெயர் ஒன்றானால் எண்ணும் ஒன்று. ஆகவே சிசி செய்கிறவர்கள் பெயருக்கு முன்னால் தங்கள் புனைபெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்க்காமல் இரண்டு பேர் ஆளுக்கொரு 'சிவப்பு நாற்காலி' செய்துவைத்தால், இரண்டும் ஒரே முகவரியைச் சொந்தம் கொண்டாடும். கேம் ஒன்றைத்தான் உள்ளே விடும். காணாமல் போன சோபாவின் மர்மம் பல நேரம் இதுதான்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஆட்டிவைப்பது காலாவதி. ஃபைல் அப்படியேதான் இருக்கிறது. அடியில் இருக்கும் கேம் நகர்ந்துவிட்டது. சிம்ஸ் 4 பத்து வருஷத்துக்கும் மேலாக பேட்ச் மேல் பேட்ச் வாங்கிக்கொண்டிருக்கும் கேம். 2016 ஜூனில் ஆண் உடை, பெண் உடை என்ற வேலியைக் கம்பெனி எடுத்தபோது, பழைய சிசி உடைகள் எந்தப் பட்டியலில் நிற்பது என்று தெரியாமல் தடுமாறின. 2023 மார்ச்சில் கைக்குழந்தைகள் தனி வயதாகச் சேர்க்கப்பட்டபோது குடும்பம், குழந்தை சம்பந்தப்பட்ட மோட்கள், அதாவது கேமின் நடத்தையையே மாற்றும் ரசிகர் ஃபைல்கள், வரிசையாகப் படுத்துக்கொண்டன.

இவற்றில் சுவாரசியமானது 2018 நவம்பர். சிம்ஸ் 4 கேமின் நடத்தை விதிகள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை. ஸ்கிரிப்ட் மோட்களும் அதே மொழிதான். 'டிஎஸ்4ஸ்கிரிப்ட்' என்று முடியும் அந்த ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே தொகுக்கப்பட்ட பைத்தான் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். அந்த நவம்பர் பேட்ச்சில் கம்பெனி பைத்தானை 3.3-லிருந்து 3.7-க்கு மாற்றியது. ஒரு பதிப்புக்குத் தொகுத்தது இன்னொரு பதிப்பில் ஓடாது. ஒரே நாளில் உலகத்தில் இருந்த ஸ்கிரிப்ட் மோட்கள் எல்லாம் செல்லாக்காசு. யாருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. செய்தவர் மறுபடி தொகுத்துக் கொடுத்தால்தான் உண்டு. கைவிட்டுப் போனவர்களின் மோட்கள் அத்தோடு சரி.

கம்பெனிக்கும் இது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கேம் தானாகவே மோட்களை அணைத்துவிடுகிறது. 'எல்லாச் சிசியும் போச்சே' என்று அலறுவதற்கு முன் ஆப்ஷன்ஸில் அந்த இரண்டு டிக்கைப் பார்க்க வேண்டும்: சிசிக்கு ஒன்று, ஸ்கிரிப்டுக்குத் தனியாக ஒன்று. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு அடுக்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. பேக்கேஜ் ஃபைலை ஐந்து அடுக்கு ஆழம் வரை கேம் தேடிப்போய் எடுக்கும். ஸ்கிரிப்டை ஓர் அடுக்குக்கு மேல் எட்டிப்பார்க்காது.

இதற்கெல்லாம் முன்னால், தொற்றுநோய் மாதிரி நிஜமாகவே பரவிய கோளாறும் ஒன்று இருந்தது. அது சிம்ஸ் 3 காலம். 2009 ஜூனில் வந்த அந்த கேமில் சிசியை நிறுவ 'லாஞ்சர்' என்று தனி வாசல். 'சிம்ஸ்3பேக்' ஃபைலில் இரட்டைக் கிளிக் செய்தால் லாஞ்சர் அதைப் பிரித்து, 'டிசிகேஷ்' ஃபோல்டரில் இருக்கும் பெரிய கிடங்கு ஃபைலுக்குள் மற்றவற்றோடு கலந்து கொட்டிவிடும். ஒருவர் தான் கட்டிய வீட்டை ஊருக்குப் பகிர்ந்தால் வீட்டிலிருக்கும் சிசியும் கூடவே போகும். எவ்வளவு வசதி!

அந்த வசதியின் வழியாகத்தான் பேர்போன 'பொம்மை' நுழைந்தது. யாரோ செய்த, சரியாக வார்க்கப்படாத ஒரு பொம்மை. பகிரப்படும் வீடோ, கதாபாத்திரமோ, வெறும் நாற்காலியோ, எதுவானாலும் அதில் இந்தப் பொம்மையும் ஒட்டிக்கொண்டு போகும். இறக்கியவர் வீட்டிலும் குடியேறி, அவர் பகிர்வதிலெல்லாம் ஏறிக்கொள்ளும். பொம்மை என்ற ஒன்றை வாழ்நாளில் தேடாதவர்கள் கிடங்கிலும் பொம்மை. கிடங்கு ஃபைலுக்குள் கலந்துவிட்டதால் தனியாகப் பிடித்து வெளியே தள்ளவும் முடியாது. ரசிகர்களே 'டாஷ்போர்ட்', 'கஸ்டர்ட்' என்று கருவிகள் எழுத வேண்டிவந்தது. முதலாவது நிறுவியதை அலசிப் பழுதைச் சொல்லும். இரண்டாவது, மூட்டையை நிறுவுவதற்கு முன்பே பிரித்து வேண்டாததைக் களையும். பலர் லாஞ்சரையே கும்பிட்டு ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் தனித்தனி பேக்கேஜ் ஃபைலாக மாற்றி வைத்துக்கொண்டார்கள். தனித்தனியாக இருந்தால் கெட்டதைத் தூக்கிப் போடலாம் அல்லவா.

சிம்ஸ் 4 அந்த வாசலை மூடிவிட்டது. அதன் 'கேலரி'யில் வீட்டைப் பகிர்ந்தால் வீட்டின் வரைபடம் மட்டும் போகும், சிசி போகாது. இறக்குகிறவரிடம் அந்தச் சிசி இல்லையென்றால் கேம் வேறெதையாவது வைத்து ஒப்பேற்றும். வீடு கொஞ்சம் மொட்டையாகத் தெரியும்தான். பொம்மையைப் பார்த்தவர்கள் யாரும் இதற்குக் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்போது தேடும் முறை. ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஐம்பதுக்கு ஐம்பது'. மோட்ஸ் ஃபோல்டரில் இருப்பதில் சரிபாதியை வெளியே எடுத்துவைத்துவிட்டு கேமைத் திறப்பது. கோளாறு தெரிந்தால் குற்றவாளி உள்ளே. தெரியாவிட்டால் வெளியே எடுத்ததில். குற்றவாளி இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்கு. 1,024 ஃபைல் இருந்தால் அடுத்து 512, பிறகு 256 என்று பத்தே சுற்றில் ஒற்றை ஃபைலில் வந்து நிற்கும். இருபதாயிரம் ஃபைல் இருந்தாலும் பதினைந்து சுற்றுக்கு மேல் போகாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன் என்று உட்காருகிறவர் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் தினசரி செய்யும் வேலை இது. அவர்கள் இதற்கு இருமத் தேடல் என்பார்கள்.

கேட்கச் சுலபம். கை வைத்தால்தான் கண்ணிகள் தெரியும். ஒரு பாதியிலும் கோளாறு, மறுபாதியிலும் அதே கோளாறு என்றால் குற்றவாளி ஒருவன் இல்லை, குறைந்தது இரண்டு. தனித்தனியாக இரண்டு பாதியும் யோக்கியம், சேர்த்து வைத்தால்தான் சண்டை என்றால், அது முகவரிச் சண்டை. ஒரு கட்சிக்காரர் இந்தப் பாதியில், இன்னொருவர் அந்தப் பாதியில். மெஷ் ஒரு பாதியிலும் அதன் ரீகலர் மறுபாதியிலும் போய்விட்டால், இல்லாத கோளாறுக்குப் புதுக் கேள்விக்குறிகள் முளைக்கும். அதனால் பிரிக்கும்போது ஒரே கையால் செய்தவற்றை ஒன்றாக வைத்துப் பிரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு காரியம் ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டாயம். ஒன்று, 'லோக்கல்தம்கேஷ்' என்ற ஃபைலை அழிப்பது. கேம் பழைய சிறுபடங்களை அதில் சேமித்து வைத்திருக்கும். அழிக்காவிட்டால் வெளியே எடுத்த சட்டையின் நிழல் பட்டியலில் தொடர்ந்து தெரிந்து ஆளைக் குழப்பும். அழித்தால் நஷ்டமில்லை, கேம் புதிதாக எழுதிக்கொள்ளும். சிம்ஸ் 3-இல் இதே மாதிரி ஐந்து கேஷ் ஃபைல்களை அழிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது இன்னும் முக்கியம்: சோதனையைப் பழைய சேவில் செய்யக்கூடாது. பாதிச் சிசி இல்லாத நேரத்தில் பழைய குடும்பத்தைத் திறந்து, பழக்கதோஷத்தில் சேவ் செய்துவிட்டால், இல்லாத பொருட்கள் வீட்டிலிருந்து நிரந்தரமாகப் போய்விடும், உடுத்தியிருந்த துணியும் மாறிவிடும். பிறகு சிசியைத் திரும்ப வைத்தாலும் வீடு பழையபடி நிறையாது. சோதனைக்கென்று ஒரு புதுக் குடும்பம், காலி மனை, அது போதும்.

அப்படியே கைதவறி சேவ் ஆகிவிட்டாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. 'சேவ்ஸ்' ஃபோல்டரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய ஐந்து பதிப்புகளை கேம் பத்திரப்படுத்துகிறது. ஃபைலின் பெயர் முடிவில் 'வெர்0' முதல் 'வெர்4' வரை எண் இருக்கும். நடப்பு ஃபைலை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, வெர் என்ற வாலை வெட்டினால் பழைய ஆட்டம் திரும்பிவிடும்.

ஸ்கிரிப்ட் மோட்கள் விஷயத்தில் பாதி பாதியாகப் பிரிக்கும் பாட்டுக்கூடப் பல நேரம் தேவையில்லை, கேமே புகார் எழுதி வைத்துவிடும். சிம்ஸ் 4 ஃபோல்டரில் 'லாஸ்ட்எக்ஸெப்ஷன்' என்று ஆரம்பிக்கும் டெக்ஸ்ட் ஃபைல் அதுதான். திறந்தால் மூச்சுமுட்டும் அளவுக்கு எழுத்து. பயப்பட வேண்டாம். நடுவே பைத்தான் தன் வழக்கப்படி எந்த ஃபைலில் எந்த வரியில் இடறியது என்று வரிசையாகச் சொல்லியிருக்கும். அதில் பல வரிகள் 'டி (T) டிரைவ், இன்கேம், கேம்ப்ளே, ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பாதையில் தொடங்கும். நம் கம்ப்யூட்டரில் அப்படியொரு டிரைவே இருக்காது. அது கேமைத் தொகுத்த கம்பெனி மெஷினின் பாதை. கேமின் சொந்த நிரல் என்று அர்த்தம். அந்தப் பாதையில் தொடங்காத வரி ஏதாவது இருந்தால், அங்கேதான் மோட் தலைநீட்டுகிறது. பல நேரம் மோட் ஃபைலின் பெயரே அந்த வரியில் இருக்கும். இதைப் படித்து எளிய மொழியில் சொல்ல 'பெட்டர் எக்ஸெப்ஷன்ஸ்' என்று ஒரு மோட்கூட இருக்கிறது. மோட் பிடிக்க மோட்!

ஆனால் இந்தப் புகார்க் கடிதத்துக்கு எல்லை உண்டு. மெஷ் இல்லாத சட்டை நிரல் எதையும் இடறவைக்காது. அது பாட்டுக்கு அசிங்கமாக நிற்கும். புகார் ஃபைல் இல்லை என்பதால் சிசி யோக்கியம் என்று தீர்ப்பெழுதக் கூடாது.

சிலர் ஃபைல் எண்ணிக்கையைக் குறைக்க, 'சிம்ஸ் 4 ஸ்டுடியோ' கருவியால் நூற்றுக்கணக்கான சட்டைகளை ஒரே பேக்கேஜாக இணைத்துவிடுகிறார்கள். கேம் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திறக்கும் என்பது ஆசை. தனித்தனிப் பிரதிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு செய்தால் தப்பில்லை. இணைத்துவிட்டு மூலத்தை அழிப்பது வம்பு. லாஞ்சர் கலந்து கொட்டியதைத் தன் கையாலேயே செய்துகொள்வதுதானே அது? நாளைக்கு அதில் ஒன்று காலாவதியானால் மூட்டை மொத்தமும் சந்தேகக் கைதி.

அதே போல, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் கையில் ஒப்படைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கவனிப்பது நல்லது. பெயர் மட்டும் கம்ப்யூட்டரில், உள்ளடக்கம் மேகத்தில் என்ற ஏற்பாடு கேமுக்குப் பிடிப்பதில்லை. சேவ் ஆகாமல் அடம்பிடிக்கும் கேம்களில் சிசி மேல் பழி விழுந்து, கடைசியில் ஒன்டிரைவ் என்று முடிந்த கதைகள் உண்டு.

2024 தொடக்கத்தில் நிலைமை விளையாட்டின் எல்லையைத் தாண்டியது. பிரபலமான தளங்களில் கிடைத்த சில சிம்ஸ் 4 ஸ்கிரிப்ட் மோட்களுக்குள், விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து கடவுச்சொற்களைத் திருடும் நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. பைத்தான் என்பது முழுமையான நிரல்மொழி. அதற்கு சோபாவை நகர்த்தவும் தெரியும், ஃபைலைத் திருடவும் தெரியும். அதையடுத்து 'மோட்கார்ட்' என்ற தடுப்பு மோட் ரசிகர் ஒருவராலேயே எழுதப்பட்டது. சட்டை, சிகை, சோபா போன்ற பேக்கேஜ் சரக்கில் ஓடும் நிரல் கிடையாது என்பதால் இந்த ஆபத்து அவற்றில் இல்லை. ஆகவே 'பூச்செடி' என்று சொல்லி இறக்கிய ஜிப்புக்குள் ஸ்கிரிப்ட் ஃபைல் ஒன்று உட்கார்ந்திருந்தால், செடிக்கு அது எதற்கு என்று கேட்க வேண்டும்.

எல்லாப் பழியையும் சிசி தலையில் கட்டுவதும் நியாயமில்லை. 2004-இல் வந்த சிம்ஸ் 2 இதற்கு நல்ல சாட்சி. அதில் ஒரு பொருள் நீலத்தில் விட்டுவிட்டு மின்னினால் அதன் மேல் போர்த்தும் படம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். சிசி கோளாறு, சந்தேகமில்லை. ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும்போது சுவர், தரை, மனிதர் எல்லாம் ஒவ்வொன்றாக பிங்க் நிறத்தில் மின்ன ஆரம்பித்தால் அது வேறு வியாதி. பழைய கேமுக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தைச் சரியாக அளக்கத் தெரியாமல், படங்களுக்கு இடமில்லை என்று கைவிரித்துவிடுவதால் வருவது. ரசிகர்கள் இதைச் செல்லமாக 'பிங்க் சூப்' என்கிறார்கள். சிசி நிறையச் சேர்ந்தால் சீக்கிரம் வரும், அது உண்மை; ஆனால் ஒரு சிசியும் இல்லாமலும் வரும். 'கிராஃபிக்ஸ் ரூல்ஸ் மேக்கர்' என்ற கருவியால் நினைவக அளவைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதும், கேம் 4 ஜிபி வரை பயன்படுத்தும்படி அதன் எக்ஸி ஃபைலைத் திருத்துவதும்தான் இதற்கு வைத்தியம். நிறம் பார்க்காமல் சேகரிப்பை மொத்தமாக அழித்துவிட்டு, மறுநாளும் பிங்க்கைப் பார்த்து மலைத்தவர்கள் எத்தனை பேரோ.

25 வருஷ நிறைவையொட்டி, 2025 ஜனவரி கடைசியில் சிம்ஸ் 1, 2 இரண்டும் 'லெகசி' பதிப்பாக மறுபடி விற்பனைக்கு வந்தன. அட்டத்திலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, அதிலிருந்த சிசியைப் புதுப் பதிப்பில் கொட்டியவர்கள் ஏராளம். பெரும்பாலானவை அப்படியே ஓடின, இருபது வயசு ஃபைல்கள் என்று பார்த்தால் ஆச்சரியம்தான். ஓடாதவற்றில் ஒரு வகை மட்டும் எந்தச் சோதனைக்கும் பிடிபடாமல் குழப்பியது. கருவிகள் 'பழுதில்லை' என்கின்றன, கேமும் எந்தப் புகாரும் சொல்வதில்லை, ஆனால் பட்டியலில் பொருளைக் காணோம். சிம்ஸ் 2 லெகசி பதிப்பில் கிட்டத்தட்ட எல்லா விரிவாக்கத் தொகுப்புகளும் இருக்கின்றன. 2008-இல் வந்த 'ஐகியா ஹோம் ஸ்டஃப்' மட்டும் இல்லை. அந்த அலமாரிகளுக்கும் சோபாக்களுக்கும் அன்றைக்குப் போட்ட ரீகலர்கள் பைட் பிசகாமல் இருக்கின்றன, பூசிக்கொள்ள அலமாரிதான் இல்லை.